ராணிக்கு உசுரு இருக்கு

மேட்டுப்பாளையத்தில் லாரி பிடித்து
அரண்மனை, நந்தவனம், சுடுகாடு
மூன்று திரைகளையும் சுருட்டிக் கட்டி
கல்லாறு தாண்டி ஏறினோம்.
பர்லியாரில் அரண்மனை நனைந்தது.
குன்னூரில் சுடுகாட்டு ஆலமரம் சாயம் விட்டு
நந்தவனத்துக்குள் ஒழுகியது.
"போகட்டும், ராத்திரியில் யாருக்குத் தெரியும்" என்றார் அப்பா.
மருங்காபுரி வையாபுரி நாடக சபாவில்
அப்பா அறியாதது லாபம் ஒன்றுதான்.

முதலில் நான்தான் ராணி.
பதினான்கு வயதில், காரைக்குடியில்,
இரண்டாம் அங்கத்தின் நடுவே
எனக்குத் தொண்டை உடைந்தது.
மறுநாள் என் சேலை, என் சவுரி,
என் வசனம், என் கைத்தட்டல்
எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மேடைக்குப் போனாள் தங்கச்சி.
ஒன்பது வயது.
முந்தானை மூன்று தடவை தடுக்கியது.
நாலாவது தடவை தடுக்கவில்லை.
அதற்குப் பிறகு எதுவுமே தடுக்கவில்லை
எம். வி. கனகாங்கிக்கு.

சுவரொட்டியில் அவள் பெயர் பெருக்கப் பெருக்க
என் பெயர் பசை வழியும் ஓரத்துக்கு நகர்ந்தது.
அப்பாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டதும்
நான் அவளுக்கு அப்பன் ஆனேன், மேடையில்.
வேலை சுலபம்:
அவள் செத்த பிறகு
தலையை மடியில் ஏந்திப்
பதினாறு வரி அழவேண்டும்.

காந்தல். தகரக் கொட்டகை. மார்கழி.
துண்டுக்கு மேல் கம்பளி, கம்பளிக்கு மேல் சாக்கு,
அதற்குள் எங்கோ ஜனம்.
தேங்காயெண்ணெய் சீசாவில் கல்லாகிவிட்டது,
வேஷம் கலைக்க வழியில்லாமல்
முந்தின ராத்திரி ராணி முகத்தோடுதான் தூங்கினாள்.

விடியற்காலை நாலு மணிக்கு விஷம் குடித்தாள்.
விழுந்தாள்.
கண் பாதி மூடி, வாய் கொஞ்சம் திறந்து,
திருச்சியில் பெண்கள் மயங்கிச் சாய்ந்த அதே சாவு.
"மகளே" என்று எடுத்தேன்.
அப்போது அவள் மூக்கிலிருந்து
சாம்பிராணி மாதிரி, அவசரமே இல்லாமல்,
எழுந்தது
மூச்சு.

"யம்மா! ராணிக்கு உசுரு இருக்கு!"
ஒரு குழந்தைதான் கத்தியது.
கொட்டகை சிரித்தது. தகரமும் சேர்ந்து சிரித்தது.

பதினாறு வரியை நாலாக்கிவிட்டு
திரைக்காரனுக்குக் கண்ணைக் காட்டினேன்.
சேலைக்கு அடியிலிருந்து பிணத்தின் விரல்
என் தொடையைக் கிள்ளியது.
வெட்டாதே.
மீதிப் பன்னிரண்டையும் பாடினேன்.
மூச்சை அடக்கிக் கிடந்தாள்.
அரிதாரம் எட்டாத காதுமடல் மட்டும்
கருத்துக்கொண்டே வந்தது.

மறுநாள் கடைசிக் காட்சிக்கு முன்னால் ஆளைக் காணோம்.
கொட்டகைக்குப் பின்னால், கேரட் தோட்டத்தில்,
கிரீடம் சரியக் குனிந்து
வெறுங்காலோடு
இலைமேல் உறைந்ததை வழித்து வழித்து
வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.
"சூடு இருந்தாத்தானே புகையும்?"
நாக்கு விறைத்து, பாதி எழுத்து வரவில்லை.

அன்றைக்குச் செத்தாள் பாருங்கள்.
ஒரு நூல் எழவில்லை அவளிடமிருந்து.
என் வாயிலிருந்துதான் வரிக்கு வரி புகை கிளம்பி
அவள் முகத்தில் போய்ப் படிந்தது.
இருமல்கூட இல்லை கூட்டத்தில்.
பத்தாவது வரியில் எனக்கே சந்தேகம்.
கழுத்து நரம்பைத் தொட்டுப் பார்த்தேன்,
நாடகப் பிரதியில் இல்லாத இடம் அது.

திரை விழுந்தது.
எழுந்து உட்கார்ந்து தண்ணீரைத் துப்பினாள்.
"பத்தாவது வரியிலே சுருதி விலகிட்டே."

பிறகு பினாங்கு, யாழ்ப்பாணம்,
பட்டம், பொன்னாடை, தபால் மூட்டை.
நிருபர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்:
இவ்வளவு தத்ரூபமாக எப்படிச் சாகிறீர்கள்?
"ரத்தத்திலே வந்ததுங்க. நாடகக் குடும்பம்"
என்பாள், அப்பா படத்தைப் பார்த்தபடி.
கேரட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சென்னையில் விருது கொடுத்த இரவு
விருந்தின் கடைசியில் ஐஸ்கிரீம் வைத்தார்கள்.
கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு
முன்பற்களைக் கையால் பொத்திக்கொண்டு
சிரித்தாள்.